பசறை வரைக்கும் நிற்காமல்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் காது சிவந்த சிவப்பைப் பார்த்து அம்மா, "ஏண்டி அமிர்தம், காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பண்டாரவளையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாக அப்பா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

என் பெயர் ராமாமிர்தம். அப்பா வைரவநாதன் என்றால் பதுளைக் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது. அரிசியும் கருவாடும் எண்ணெயும் விற்கிற கடை முன்னால், நாங்கள் குடியிருக்கிற வீடு பின்னால். பண்டாரவளைப் பையனுக்கு ஜவுளிக்கடையாம். "கை பூ மாதிரி இருக்கும். அழுக்கே படாத தொழில்" என்று அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அழுக்குப் படுகிற கை ஒன்று ஏற்கெனவே என் மனசில் இருந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரி இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற சண்முகராஜா அத்தான். அம்மாவுடைய அண்ணன் மகன், முறை மாப்பிள்ளை. ஆனால் அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"அவன் நகக்கண்ணுல இருக்கிற கிரீஸை வழிச்சா ஒரு வண்டிச் சக்கரத்துக்கே பூசலாம்" என்பார்.

"பூசிட்டுப் போகட்டுமே" என்று நான் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தேன். நல்லவேளை, அப்பாவுக்குக் கேட்கவில்லை.

கேட்கிற நிலைமையிலும் அவர் இல்லை. அவருடைய தலைவலி பின்முற்றத்தில் தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தது. யுத்த காலத்து லொறி ஒன்று. தோட்டத்துத் துரை ஒருவர் புது லொறி வாங்கியதும் பழையதை அப்பா தலையில் கட்டிவிட்டார். ஆவணி மாதம் வீட்டுக்கு வந்தது. வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. மாட்டு வண்டி முக்கால் நாள் எடுக்கிற பசறைப் பாதையை ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிட்டு வந்தது. அப்பா கடைத்தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! கால் தரையில் பட்டதா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆயுத பூசை வந்தது. லொறிக்குப் பூசை போட்டது நான்தான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை சாத்தி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பொட்டு வைக்க நெற்றியைத் தேடினேன். இஞ்சினுக்கும் ஓட்டுகிறவர் இருக்கைக்கும் நடுவில் இருக்கிற பலகைக்குள்தான் அதன் பெட்ரோல் தொட்டி. தொட்டி மூடி மேலே தெரியும். நல்ல பித்தளை, நட்ட நடுவில், வட்டமாக. இதைவிட நெற்றி வேறு எங்கே இருக்கும்? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். அம்மாவே அசந்துபோய், "மாரியம்மன் மாதிரி இருக்குடி" என்றாள்.

மறுநாளிலிருந்து லொறி இருமத் தொடங்கியது. கிளம்பும்போது ராசா மாதிரி கிளம்பும். கால் மணி நேரம் கழித்து ஒரு செருமல். பிறகு 'புடுக் புடுக்' என்று இருமல். உடம்பெல்லாம் உதறும், ஒரு வெடிச் சத்தம் கேட்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். துரை ஏமாற்றிவிட்டார் என்று அப்பா ஊரைக் கூட்டினார். வாரத்துக்கு ஒரு தடவை நான் தவறாமல் பொட்டைப் புதுப்பித்தேன். அப்படியும் சரியாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ஆணி, கூடை, விளக்கு விற்கிற ஸலீம் நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க லொறி சத்தத்துல எங்கட வீட்டுக் கோழி முட்டை இடுறதில்லை. ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்."

"எங்க அண்ணன் மவனைக் கூப்பிடுங்க. இஞ்சின் வேலை தெரிஞ்ச புள்ள" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு வந்ததே கோபம்! "அவன் பெரிய இவன்! அவன் சரி பண்ணிட்டா நான் பொண்ணையே குடுத்துர்றேன்டி! கேட்டுக்கோ. அவன்னு இல்ல, இந்தச் சனியனை எவன் சரி பண்ணி, பசறை வரைக்கும் நிக்காமக் கொண்டு போறானோ, அவனுக்குத்தான் என் பொண்ணு!"

ஸலீம் நானா வேலியில் முழங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, "நான் சாட்சி" என்றார்.

சொன்ன வார்த்தையை மீற அப்பாவால் முடியாது. கடைக்காரருக்கு வாய்தான் முதல் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். ஒரு நிமிஷம் மீசையைத் தடவினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள. திங்கக்கிழமை பண்டாரவளைக்காரங்க தட்டோட வர்றாங்க" என்றார். நான் அடுப்படிக்குள் ஓடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துச் சிரித்தேன். எனக்குத் தலை சுற்றியது. ஒரு லொறி இருமுவதை நிறுத்தினால் எனக்குக் கல்யாணம்! யாருக்குக் கிடைக்கும் இப்படி?

லொறியைப் பார்க்க வரச் சொல்லி அம்மா ஆள் அனுப்ப, திங்கட்கிழமை காலை ரயிலில் அத்தான் வந்து இறங்கினார். தோட்டத்தில் நாலைந்து நாள் லீவு சொல்லிவிட்டு, கையில் ஒரு சாக்குப்பை நிறைய ஸ்பேனர்களோடு வந்தார். பந்தய விஷயத்தை அம்மா சொன்னாள். அவர் முகம் வெளுத்துச் சிவந்தது. என்னைப் பார்க்காமல் லொறியைப் பார்த்தார்.

"மொதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாத்துக்கிறேன் அத்தை" என்று மூடியைத் திறந்தார். அதிலிருந்த பொட்டைக் கண்டு, ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்துத் திருகினார். அம்மனுக்கு வைத்த பொட்டு மாதிரி இருந்ததே, அழிக்க மனசு வருமா அவருக்கு? அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை. பெட்ரோல் தாராளமாக இருந்தது. மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு பிளக்குகளைக் கழற்றினார்.

நாலு பிளக்கும் அடுப்புக் கரியாக இருந்தன. பெட்ரோலில் கழுவி, கம்பியால் சுரண்டி, துடைத்துத் துடைத்து மறுபடி பூட்டினார். இஞ்சின் முன்னால் செருகிய ஹேண்டிலை ஒரே சுற்றுத்தான். லொறி 'கடகட'வென்று பிடித்துக்கொண்டது. ஆகா, அந்தச் சத்தம்! கால் மணி ஆனது, அரை மணி ஆனது, ஒரு இருமல் இல்லை. அத்தான் இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் என்ன செய்தேன்? பூசை அறைக்கு ஓடினேன். சந்தனம் குழைத்து வந்து, பக்கத்தில் வைத்திருந்த மூடியை எடுத்துத் தொட்டியில் இறுக்கித் திருகி, நன்றிக்கு ஒரு பொட்டை அதன் மேல் இன்னும் கெட்டியாக வைத்தேன்.

லொறியை ஓடவிட்டபடியே பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது வெளியே 'புடுக்' என்றது. அத்தான் கை இலையிலேயே நின்றுவிட்டது. அப்பா மட்டும் மோர் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஸலீம் நானா புது யோசனையோடு வந்தார். "தம்பி, பெட்ரோல்ல தண்ணி. மழைக்காலம், தகரப் பேணியில தண்ணி எறங்கியிருக்கும். நான் சொல்லுறேன் பாருங்க." அத்தானும் ஒப்புக்கொண்டார். தொட்டியைக் காலி செய்து, அம்மாவின் பழைய, மெல்லிய மல் சேலைத் துண்டில் பெட்ரோலை வடிகட்டினார்கள். சேலையின் ஒரு பக்கம் அத்தான், மறுபக்கம் நான். அம்மா நடுவில் காவல். பெட்ரோல் வாசனையில் கிறுகிறுத்ததா, அத்தான் விரல் பட்டதில் கிறுகிறுத்ததா என்று கேட்டால் சத்தியமாய் எனக்குத் தெரியாது. காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

கார்புரேட்டரையும் பிரித்துப் போட்டார். அது தொட்டியிலிருந்து பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாய் வாங்கிக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற சின்ன இரும்புச் சட்டி. அதன் ஊசித் துவாரத்தை வாயால் ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். உதடெல்லாம் கறுப்பு. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. என்ன செய்வது!

லொறி மறுபடி ராசாவாகக் கிளம்பியது. அப்பாவே கொஞ்சம் அசைந்தார். "ஸ்டேசன்ல அரிசி வந்து கெடக்கு. போய் ஏத்திக்கிட்டு வா பாக்கலாம்" என்றார். புறப்படுமுன் நான் ஓடிப்போய் வழித்துணைக்கு ஒரு பொட்டு வைத்தேன். போன லொறி ஒரு மணி நேரம் கழித்து வந்தது. எப்படி வந்தது தெரியுமா? தம்பையாவின் இரண்டு மாடுகள் முன்னால், கயிறு நடுவில், லொறி பின்னால். வண்டிக்காரத் தம்பையா கடைத்தெரு முழுக்க மணியை ஆட்டிக்கொண்டே வந்தான். சனம் கடையை விட்டு இறங்கி நின்று பார்த்தது. லொறி வாங்கிய அன்றைக்கு அப்பா அவனிடம், "இனிமே உன் மாட்டை வித்துரு" என்று சொன்னவராயிற்றே, விடுவானா?

"மொதலாளி, மாடு கேக்குது, எங்க எறக்கணும்னு!" என்று வாசலில் நின்று கத்தினான். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, விக்கல் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை முழுக்க மழை. வியாழக்கிழமை அத்தான் மெக்னட்டோவைப் பிரித்தார். பிளக்குகளுக்குப் பொறி அனுப்புகிற பெட்டி அது. உள்ளே தேய்த்து, எண்ணெய் விட்டு, பூட்டிக் கிளப்பினார். பிறகு மரக் கைப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக் தலையையும் இஞ்சின் இரும்போடு சேர்த்துத் தொட்டார். தொட்டதும் சத்தம் மாறினால் அந்த பிளக் நல்ல பிளக், மாறாவிட்டால் அதில்தான் கோளாறு என்று சொல்லிக் கொடுத்தார்.

"ஒண்ணு நல்லது. ரெண்டு நல்லது. மூணு, நாலு... எல்லாமே நல்லா இருக்கு புள்ள. தனித்தனியா நல்லா இருக்கு, சேந்து இருமுது. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. அந்த வயரை மட்டும் தொட்டுறாத."

தொடாதே என்று யாராவது சொன்னால் என் கை சும்மா இருக்காது. தொட்டேன். விரலிலிருந்து தோள் வரைக்கும் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி ஒரு குலுக்கல். 'ஐயோ!' என்று பின்னால் விழுந்து, எழுந்து, சிரிக்க ஆரம்பித்தேன். அத்தான் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உடனே விட்டும் விட்டார். அம்மா அந்நேரம் பார்த்துக் கோழியை விரட்டப் போயிருந்தாள்.

"நாளைக்கு இது வழியில நின்னுச்சுன்னா நான் அப்படியே தோட்டத்துக்குப் போயிருவேன். திங்கக்கிழமை இந்தப் பக்கம் என்னால நிக்க முடியாது. என்னால அதைப் பாக்க முடியாது, அமிர்தம்" என்றார், மெக்னட்டோ மூடியைப் பார்த்துக்கொண்டே.

"நிக்காது" என்றேன். "நீங்க ஓட்டுறதைப் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

மற்றது என்றால் என்ன? சந்தனக்கட்டைதான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, கை வலிக்க வலிக்கச் சந்தனம் அரைத்தேன். அம்மனிடம் நேராகவே சொன்னேன்: எனக்கு அவர்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம், தயவுசெய்து இருமாமல் பார்த்துக்கொள். பிறகு பழைய பொட்டின் மேலேயே, ஒரு விரல் கனத்துக்கு, மூடி முழுக்க அப்பினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு பக்தியாக எதையும் செய்ததில்லை.

காலை எட்டு மணிக்குப் பத்து மூட்டை அரிசி ஏற்றினார்கள். முன்னால் அத்தானும் அப்பாவும். மூட்டைகளின் மேலே அம்மா, நான், "சாட்சி இல்லாம எப்படிப் போறது?" என்று கேட்டுக்கொண்டே ஏறிய ஸலீம் நானா. பொம்பிளைகள் எதற்கு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "என் கல்யாணம் நடக்குதா இல்லையான்னு நான் கடையில உக்காந்தா தெரிஞ்சுக்கணும்?" என்றேன். என் காதைப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

லொறி கிளம்பியது. என்ன சுகமான ஓட்டம்! வெயில் பனியைக் குடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், நான் இரண்டு கையையும் ஆட்டினேன். ஸலீம் நானா தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ்" என்று ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் மைலில் ஏற்றம் தொடங்கியது. ஒரு செருமல். 'புடுக் புடுக்.' ஒரு வெடி. நின்றது.

அப்பா இறங்கினார். லொறி எப்போது நின்றாலும் அவர் செய்கிற முதல் வேலை, யாராவது பெட்ரோலைத் திருடிவிட்டார்களா என்று பார்ப்பது. மூங்கில் குச்சி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்து, "இருக்கு" என்று மூடினார். அத்தான் குழாயை ஸ்பேனரால் தட்டி, ஹேண்டிலைச் சுற்றினார். உடனே கிளம்பிவிட்டது!

"ஒரு வாட்டி நின்னுச்சு" என்றார் அப்பா.

"குழாயில தூசி மாமா. தட்டினதும் போயிருச்சு" என்றார் அத்தான்.

அரை மைல்கூடப் போயிருக்க மாட்டோம். மறுபடி நின்றது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் நாங்கள். அத்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். அப்பா மூங்கில் குச்சியோடு இறங்கினார். நான் மூட்டையிலிருந்து குதித்து முன்னால் ஓடினேன். எதற்கென்று தெரியாது. அத்தான் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா மூடியைத் திருகினார். இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்து இழுத்தார். அப்போது கேட்டேன், 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே இழுபடுகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்! கடையில் மண்ணெண்ணெய்ப் பேணிக்கு ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. குடுக் குடுக் என்று விக்கும், நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் சீராக வெளியே வரும். எண்ணெய்க் கடையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா கையிலிருந்து மூடியைப் பறித்தேன். "ஏய்!" என்றார். திருப்பி உள்பக்கம் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு குழி. வெளியே அது இருக்க வேண்டிய இடத்தில் என் பொட்டு. ஆயுத பூசையிலிருந்து இன்று காலை வரைக்கும் அடுக்கடுக்காக, கல்லாகக் காய்ந்த என் பொட்டு. கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். குங்குமமும் சந்தனமும் ஓடு ஓடாகப் பெயர்ந்தன. ஊசி நுனி சட்டென்று மறுபக்கம் வந்தது. வாய் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது.

"அத்தான்," என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. "நான்தான். நீங்க ஒவ்வொரு வாட்டி சரி பண்ணினதும் நான்தான் அது மூச்சை அடைச்சேன். நீங்க செயிக்கணும்னு வச்ச பொட்டு இது."

அத்தான் இறங்கி வந்தார். மூடியை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். தோளிரண்டும் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! நடுத்தெருவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாலு பிளக்கு... மெக்னட்டோ... கார்புரேட்டரைப் பிரிச்சு... ஐயோ, அந்தப் பொட்டை அழிக்கக் கூடாதுன்னு நான் எவ்வளவு பக்குவமாப் புடிச்சுத் திறந்தேன்!"

"அல்லாஹ்வே!" என்று மேலேயிருந்து ஸலீம் நானா. "மூக்கைப் பொத்திட்டு, இருமுது இருமுது எண்டு மருந்து குடுத்திருக்கோம்!" அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூட்டையே ஆடியது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"எல்லாம் சரிதான்" என்றார். "ஆனா நின்னது நின்னதுதான். ரெண்டு வாட்டி நின்னுச்சு. சரி பண்ணினதும் இவன் இல்ல. நான் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குல்ல?"

அத்தான் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து, சாரத்தைத் தட்டிக்கொண்டு, தலை குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்ததும் என் அழுகை எங்கே போனதோ தெரியாது. இரண்டு காதும் கொதித்தது.

"யாருப்பா சரி பண்ணினது?" என்றேன்.

"நீதான்."

"சரி பண்றவங்களுக்குத்தான் உங்க பொண்ணுன்னு சொன்னீங்களா இல்லையா?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு? உன்னை உனக்கே கட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"ஆமாப்பா. குடுங்க" என்றேன். "என்னை எனக்குக் குடுத்துருங்க. அதுக்கப்புறம் நான் யாருக்குக் குடுக்கிறதுங்கிறது என் பாடு. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

ஸலீம் நானா தொண்டையைச் செருமினார். "அண்ணே, நான் சாட்சி. சொன்ன வார்த்தை அதுதான். புள்ள சொல்லுறதுல பிழை இல்லை."

"பசறை இன்னும் வரல" என்றார் அப்பா. ஆனால் குரலில் பழைய கனம் இல்லை.

"வந்துரும். இங்கேருந்து நிக்காமக் கொண்டு போறோம். இதுக்கு மேல ஒரு இருமல் இருமினாலும் திங்கக்கிழமை நானே பண்டாரவளைக்காரங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறேன்." மூடியைத் தொட்டியில் திருகினேன். பித்தளை பளபளவென்று மொட்டையாக இருந்தது. பிறகு அத்தான் பக்கம் திரும்பினேன். வெட்கம் என்றெல்லாம் பார்க்க நேரமில்லை. "எனக்கு நீங்க வேணும். உங்களுக்கு?"

"ஆமாங்க" என்றார், ஏதோ துரைக்குப் பதில் சொல்வது போல. என்னைப் போய் 'ங்க' போட்டதில் அவருக்கே காது சிவந்தது. ஹேண்டிலை எடுக்க ஓடினார்.

அப்பா மூங்கில் குச்சியை என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே மூட்டைகளின் மேல் அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. நான் ஏறினேன்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? லொறி ஏறியது. வளைவுக்கு வளைவு ஏறியது. நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்று பிசகவில்லை. பாதி வழியில் எண்ணுவதை மறந்து சிரிக்க ஆரம்பித்தேன். அத்தானும் சிரித்தார். ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாமலே சிரித்தோம். காற்று என் தலைமுடியை அவிழ்த்து அவர் முகத்தில் அடித்தது. "பாதை தெரியல புள்ள!" என்று கத்தினார். முடியை அள்ளிப் பிடித்துக்கொண்டேன். கொண்டை ஊசி வழியில் எங்கே விழுந்ததோ!

பசறைக் கடைத்தெரு தெரிந்தது. சனம் வழிவிட்டு ஒதுங்கியது. அரிசி இறக்க வேண்டிய கடை வந்தது. அத்தான் பிரேக்கில் காலை வைத்தார். பின்னாலிருந்து அப்பா பலகையைத் தடதடவென்று தட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. இன்னும் என்ன நிபந்தனை?

"நிறுத்தாதீங்க மாப்ளே!" என்று அப்பா கத்தினார். "நிறுத்தாதீங்க! நேரா விடுங்க! பசறைக்காரங்க எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்!"

அத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஊரை மூன்று சுற்றுச் சுற்றினோம்.